செல்வம் கொழிக்கும் பள்ளத்தாக்கில் கூலியும் குடியிருப்பும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது பழத்தோட்டங்களுக்கும், பழங்களை டின்களில் அடைக்கும் தொழிற்சாலைகளுக்கும் பேர்போன இடம். 1950களின் இறுதியில் சிலிக்கனால் மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழில் அங்கு வேரூன்றியது. 1971 முதல் 'சிலிக்கன் பள்ளத்தாக்கு' என்னும் பெயரும் நிலைத்தது. ஆப்பிள், கூகுள் முதலிய பெருநிறுவனங்களின் தலைமையகங்கள் இன்று அங்கேதான் உள்ளன.

இத்துணைச் செல்வம் குவிந்த இடத்தில் கூலிவேலை செய்வோரும் செழித்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு இல்லை. காரணம் யாது என்பதை ஆராய்வோம்.

ஓர் ஊரில் உயர்தொழில்நுட்ப வேலை ஒன்று தோன்றினால், நாளடைவில் அதனைச் சார்ந்து வேறு ஐந்து வேலைகள் அவ்வூரிலேயே தோன்றுகின்றன என்று என்ரிகோ மொரெட்டி என்னும் பொருளியல் பேராசிரியர் 2012இல் வெளியான தம் நூலில் கணக்கிட்டுள்ளார். அவ்வைந்தில் மருத்துவரும் வழக்கறிஞரும் அடங்குவர். சமையற்காரரும் துப்புரவுத் தொழிலாளரும் அடங்குவர். சில்லுகளைப் பொருத்தும் வேலையைக் கடல்கடந்து அனுப்ப முடிந்தது. இன்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தமை நாம் அறிந்ததே. ஆனால், கலிபோர்னியாவில் உள்ள கட்டடத்தைப் பினாங்கிலிருந்து பெருக்க இயலாது! ஆகவே குறைந்த கூலிக்காரரும் அப்பள்ளத்தாக்கிலேயே வாழ வேண்டியவர் ஆகின்றனர்.

அவர்களுள் பலர் தாம் வேலைசெய்யும் பெருநிறுவனத்தின் ஆட்கள் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள். கட்டடம் ஒருவருடையது, சம்பளம் தருபவர் வேறொருவர். கங்காணி முறையைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எந்த ஒப்பந்தக்காரர் குறைந்த தொகைக்கு இசைகின்றாரோ அவருக்கே வேலை கிடைக்கும். அக்குறைவு கூலியிலிருந்தே வரும். பேஸ்புக் நிறுவனத்தின் ஊழியர்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஓட்டுநர்கள் இதற்கொரு சான்று. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஓட்டினர். இடைப்பட்ட பல மணி நேரத்திற்குச் சம்பளம் இல்லை. வீடோ தொலைவு, ஆதலால் சிலர் தம் கார்களிலேயே உறங்கினர். 2014 நவம்பரில் அவர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தபின் கூலி உயர்ந்தது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் காவலர்களை நேரடியாக வேலைக்கு அமர்த்துவதாக அறிவித்தது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் உண்டு. சான் ஹோசே நகரில் மணிக்கு 8 வெள்ளியாக இருந்த கூலியை 10 வெள்ளியாக்க 2012இல் மக்கள் வாக்களித்தனர். அம்முயற்சி ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில் மாணவர்கள் தொடங்கியது என்பதை ஆசிரிய நண்பர்கள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். 2025இல் அக்கூலி 17 வெள்ளி 95 காசு. நம் காதுக்கு அது பெருந்தொகையே.

இனி, ஆறாம் ஆண்டு மாணவர்க்குரிய கணக்கொன்று போடுவோம். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுதும் உழைத்தால் 37,336 வெள்ளி. கணவனும் மனைவியும் உழைத்தால் 74,672 வெள்ளி. ஆனால், அண்டையிலுள்ள சான் மத்தியோ மாவட்டத்தில், நால்வர் கொண்ட குடும்பத்தின் ஆண்டு வருமானம் 117,400 வெள்ளியாக இருந்தாலும் அது 'குறைந்த வருமானம்' என்றே 2018இல் அமெரிக்க வீடமைப்புத் துறை வரையறுத்தது. வீட்டு வாடகையின் கடுமை அத்தகையது. பாலோ ஆல்ட்டோவுக்கும் சான் ஹோசேக்கும் இடையே இரவு முழுதும் ஓடிய 22ஆம் எண் பேருந்தில் வீடற்றோர் பலர் பயணச்சீட்டு வாங்கி உறங்கினர். 'ஹோட்டல் 22' என்றே அதற்குப் பெயராயிற்று.

நம் தோட்டங்களில் கூலி குறைவு; ஆயினும் லயத்து வீட்டிற்கு வாடகை கேட்டவர் இல்லை. பள்ளத்தாக்கிலோ கூலி உண்டு, லயம் இல்லை. (தோட்டம் விற்கப்பட்டபோது லயமும் போயிற்று என்பது தனிக்கதை.) பெருஞ்சம்பளம் பெறும் பொறியாளரும் துப்புரவுத் தொழிலாளரும் ஒரே ஊரின் எண்ணிக்கை குறைந்த வீடுகளுக்குப் போட்டியிடும்போது, கூலியில் ஏறிய வெள்ளி வீட்டுக்காரரின் பைக்கே போய்ச் சேருகின்றது. வீடுகள் ஏன் பெருகவில்லை? சான் ஹோசேயில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் தனிவீடு மட்டுமே கட்டலாம் என்பது நெடுங்கால விதி. மேலும் 1978இல் நிறைவேறிய சட்டப்படி, வீடு கைமாறும்வரை வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்குமேல் உயராது. எனவே நெடுங்கால வீட்டுக்காரர் விற்பதற்கு விரைவதில்லை. அருகில் அடுக்குவீடு எழுவதையும் பலர் விரும்புவதில்லை. 2021இல்தான் தனிவீட்டு மனையில் இரு வீடுகள் கட்ட மாநிலச் சட்டம் இடமளித்தது.