பீளைக்கும் வேலை உண்டு

கோடையில் அரூரிலிருந்து தீர்த்தமலைப் பக்கம் பைக்கில் போய்வருகிறவர்களுக்குக் கண்ணில் புழுதி விழுவது புதிதல்ல. அந்தத் தூசில் ஒரு பங்கு மறுநாள் காலை மூக்கோரக் கண்முனையில் பீளையாக வந்து நிற்கும். முகம் சுளித்துத் துடைத்துப் போடுகிறோம். தூசைச் சுருட்டி அங்கே கொண்டுவந்து சேர்த்தது பீளையிலுள்ள கோழைதான்!

அந்தக் கோழைக்கு வழவழப்பைத் தருவது மியூசின் என்ற புரதம். அதன் நீளம் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருப்பதால் நீரை விடாமல் பிடித்துவைக்கும். கண்ணில் சில மியூசின்கள் மிதக்கின்றன. சில ஊன்றி நிற்கின்றன. மிதப்பவை, வெள்ளைவிழிமேல் படர்ந்த மெல்லிய சவ்விலுள்ள கோப்பைச் செல்கள் சுரப்பவை. கண்ணீரில் கலந்து தூசையும் கிருமியையும் சிக்கவைக்கும். இமைக்க இமைக்க ஓரத்துக்கு ஒதுங்கும். மற்றவை நாற்றங்காலில் பயிர் நிற்பதுபோல, செல்லின் மேற்பரப்பில் அடி ஊன்றி, நுனியைக் கண்ணீருக்குள் நீட்டி நெருக்கமாக நிற்கும். 1, 4, 16 என்று எண் போட்டு அழைக்கிறார்கள். ஆகப் பெரியது 16. கிருமி செல்லைத் தொடாமல் தடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு. இமைப்பக்கத்து மியூசினும் விழிப்பக்கத்து மியூசினும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் இமை விழியில் ஒட்டாமல் வழுக்குகிறது.

கண்ணீர்ப் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். மியூசின் குறைந்தால், கண்ணீர் எவ்வளவு சுரந்தாலும் அது சீராகப் பரவாது, திட்டுத்திட்டாக விலகிவிடும்.

கோப்பைச் செல்கள் பிழைத்திருக்க வைட்டமின் ஏ வேண்டும். அது போதாத குழந்தைக்கு மாலைக்கண் வரும். விழியின் மேற்பரப்பு காய்ந்து தடிக்கும். வெள்ளைவிழியில் நுரை படிந்த மாதிரி பிட்டாட் புள்ளி தெரியும். அப்போதும் கவனிக்காவிட்டால் கருவிழியே கரைந்துபோகலாம். குடலின், மூச்சுக்குழாயின் உட்பூச்சுக்கும் இதே வைட்டமின்தான் காவல். அதனால் கண்ணோடு உயிரும் போகலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹமத்துல்லாவின் குழு திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-ல் வெளியானது. வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு, பெறாதவர்களில் இருந்ததில் பாதியைவிடக் குறைவு.

ஒன்பதாவது மாதம் தொடங்கி ஐந்து வயதுவரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவத்தை அரசு இலவசமாகத் தருகிறது. ஒரு தவணையையும் விடாதீர்கள். வீட்டு முருங்கைக்கீரையையும் குழந்தையின் தட்டில் வையுங்கள். கண் உறுத்தினால் இலைச்சாறு, தாய்ப்பால் என்று எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.