மழையில் பைக் ஏன் சறுக்குகிறது? ஈரச் சாலையில் பிரேக், வளைவு, வேகம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நான் மெதுவாத்தான் போனேன்... வண்டி தானா சறுக்கிடுச்சு."

மழை நாளில் பைக்கில் இருந்து விழுந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் அப்படித்தான் தோன்றும். ஆனால் எந்த வண்டியும் தானாகச் சறுக்குவதில்லை. டயரால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக நாம் அதனிடம் கேட்டிருப்போம். அதைப் புரிந்துகொண்டால், மழைக்கால பைக் பயணத்தின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டுக் குளிர்காலம் மழையோடுதான் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் மார்கழி, தை மாதப் பனி. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. தினமும் ஆபீஸ் போகும் அதே ரோடுதான். ஆனால் டயரைப் பொறுத்தவரை அது வேறு ரோடு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதம் பேர், இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இது எல்லாக் காலத்துக்குமான கணக்குதான். ஆனால் ரோட்டில் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை இதுவே சொல்லிவிடுகிறது.

கிரிப் என்பது மாதச் சம்பளம் மாதிரி

பைக்கின் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பது, வளைவது, வேகமெடுப்பது என எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு உள்ளங்கை இடத்தில் கிடைக்கும் கிரிப்தான் மூலதனம்.

இதை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவது வாடகை, பிரேக் பிடிப்பது இஎம்ஐ. காய்ந்த சாலையில் சம்பளம் தாராளம், இரண்டையும் ஒரே நாளில் கட்டினாலும் சமாளித்துவிடலாம். ஈரச் சாலையில் சம்பளம் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. அப்போதும் பழைய பழக்கத்தில், வண்டியைச் சாய்த்து வளைத்துக்கொண்டே பிரேக்கையும் அழுத்தினால் பேலன்ஸ் பத்தாது. செக் பவுன்ஸ் ஆவதைத்தான் நாம் 'சறுக்கிடுச்சு' என்கிறோம்.

அதனால் மழைக்கான முதல் விதி இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு வேலை. வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பிறகு பிரேக்கை விட்டுவிட்டு நிதானமாக வளையுங்கள். வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்த பிறகு ஆக்ஸிலரேட்டரைத் திருகுங்கள்.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

காய்ந்த தார்ச் சாலையின் உராய்வு அளவை 0.7 என்றும், ஈரச் சாலையில் 0.4 என்றும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்ததில் இருந்து நிற்பதற்குக் காய்ந்த சாலையில் சுமார் 20 மீட்டர் எடுத்துக்கொள்ளும். ஈரச் சாலையில் சுமார் 35 மீட்டர்.

இதோடு, ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்றால், அந்த ஒரு நொடியிலேயே வண்டி 17 மீட்டர் போய்விடும். ஆக மொத்தம், காய்ந்த சாலையில் 37 மீட்டர், ஈரச் சாலையில் 52 மீட்டர். வித்தியாசம் ஒரு மாநகரப் பேருந்தின் நீளத்தைவிட அதிகம்.

அதே ஈரச் சாலையில் வேகம் 40 கி.மீ.தான் என்றால்? மொத்தமே 27 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 60இல் இருந்து 40க்கு இறங்கினால் நிற்கும் தூரம் பாதியாகிறது. 'கொஞ்சம் மெதுவா போ' என்று வீட்டில் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். தேய்ந்த டயர் என்றால் இந்த எண்கள் எல்லாமே இன்னும் மோசமாகும்.

முதல் தூறல் ஏன் டேஞ்சர்?

கொட்டும் மழையைவிட, மழை ஆரம்பிக்கும் முதல் கால் மணி, அரை மணி நேரம்தான் பல இடங்களில் அதிகம் வழுக்கும். வண்டிகளில் இருந்து சொட்டிய ஆயில், டீசல், தூசு, டயர் தேய்ந்து உதிர்ந்த ரப்பர் என எல்லாம் வெயில் நாட்களில் சாலையில் படிந்து கிடக்கும். லேசான தூறல் இவற்றைக் கழுவிவிடாது, குழைத்து ஒரு வழவழப்பான படலமாக்கிவிடும். தொடர்ந்து பெய்தால்தான் அது அடித்துச் செல்லப்படும்.

அதனால் தூறல் விழுந்ததும் 'நனையறதுக்குள்ள போயிடலாம்' என்று முறுக்குவது சரியான யோசனை இல்லை. முடிந்தால் அந்த அரை மணி நேரத்தை ஒரு டீக்கடையில் கழியுங்கள். ஆனால் மேம்பாலத்துக்கு அடியில், ஓடும் சாலையிலேயே கூட்டமாக வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸும் லாரியும் அதே ஈரச் சாலையில்தான் பிரேக் பிடிக்க வேண்டும்.

எங்கே எல்லாம் வழுக்கும்?

* சாலையில் பூசிய வெள்ளை, மஞ்சள் கோடுகள். குறிப்பாக சிக்னலில் ஜீப்ரா கோட்டின் மேல் பிரேக் பிடிப்பது, கால் ஊன்றுவது இரண்டுமே ஆபத்து.
* பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகள், மேம்பால இணைப்புகளில் உள்ள இரும்புப் பட்டைகள், கட்டுமானப் பணி நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள்.
* ரயில்வே கேட் தண்டவாளங்கள். முடிந்தவரை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் டயர் தண்டவாளத்தோடு இழுத்துக்கொண்டு போகும்.
* சிக்னல், பஸ் நிறுத்தம், பெட்ரோல் பங்க் வாசல். வண்டிகள் நின்று கிளம்பும் இந்த இடங்களில் ஆயில், டீசல் கறை அதிகம். ஈரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் அது எண்ணெய்.
* சாலையோர மணல், உதிர்ந்த இலை, சாணம்.

இவற்றைத் தவிர்க்க முடியாத இடத்தில் ஒரே வழி, பிரேக்கோ திருப்பமோ இல்லாமல், ஒரே சீரான வேகத்தில் நேராகக் கடப்பதுதான்.

தேங்கிய தண்ணீர் இன்னொரு சிக்கல். அதற்கு அடியில் பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது. 2022இல் சாலைப் பள்ளங்களால் மட்டும் நாட்டில் 1,856 பேர் இறந்ததாக அதே அறிக்கை சொல்கிறது. முன்னால் போகும் காரின் சக்கரத் தடத்தை, போதிய இடைவெளி விட்டுப் பின்தொடர்வது ஓரளவு உதவும். தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் இன்ஜினே பாழாகிவிடும். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டுவதுதான் நல்லது. தண்ணீரைக் கடந்து வந்ததும், பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டி ஈரத்தைப் போக்குங்கள்.

முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

'மழையில முன் பிரேக்கைத் தொடவே கூடாது' என்று பலர் சொல்லிக் கேட்டிருப்போம். இது பாதி உண்மை. வேகம் குறையும்போது வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு நகரும். அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் நிற்கும் தூரம் கூடும், பின் சக்கரம் லாக் ஆகி வால் ஆடவும் செய்யும்.

சரியான வழி: வண்டி நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவது. வெடுக்கென்று பிடிப்பதுதான் எதிரி.

'என் வண்டியில ஏபிஎஸ் இருக்கே?' நல்லதுதான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். அதே விதியில், அதற்குக் குறைந்த வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும். ஏபிஎஸ் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது சம்பளத்தை உயர்த்தித் தராது. இல்லாத கிரிப்பை அதனால் உருவாக்க முடியாது. வண்டி சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ்ஸை நம்பி பிரேக்கை அழுத்துவதும் கூடாது. பல பைக்குகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டுமே இருக்கிறது. உங்கள் வண்டியில் எது என்று ஒருமுறை பார்த்துவையுங்கள்.

வீக்எண்டில் ஊட்டி, வால்பாறை போகிறீர்களா?

மலைப்பாதையில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டவே கூடாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் இந்த வசதி குறைவு. முழு வேலையும் பிரேக் மீதே விழுவதால் அது சூடாகிப் பிடிமானம் குறையலாம். வால்பாறை போல 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் நடுநடுவே நிறுத்தி, ஆறவிட்டு இறங்குங்கள்.

மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். லோபீம்தான் சரி. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் ஊட்டியில் உறைபனி விழும். மர நிழலில் இருக்கும் வளைவுகள் வெயில் ஏறிய பிறகும் ஈரமாகவே இருக்கும். குளிரில் விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். கையுறை ஸ்டைலுக்கானது அல்ல.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம்

டயரின் பக்கவாட்டில் 'டிடபிள்யூஐ' என்ற குறி இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு அளவுக்கு டயர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழைக்காகக் காற்றைக் குறைக்க வேண்டியதில்லை, கம்பெனி சொன்ன அளவே சரி. தொளதொளவென்று தொங்கும் ரெயின்கோட், துப்பட்டா, புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் சொருகிக்கொள்ளுங்கள். பின் சீட்டில் இருப்பவர் குடை விரிப்பதை அனுமதிக்காதீர்கள். ஒரு காற்று போதும், ஆளையே இழுத்துவிடும். வைசரில் மூச்சுப் பனி படிந்தால் லேசாகத் திறந்து வையுங்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, ஸ்ட்ராப் மாட்டியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'லேட்டாகும்' என்று சொல்லிவிடுங்கள்

'மழை விட்டதும் கிளம்பு' என்பது எல்லோருக்கும் பொருந்தும் அறிவுரை அல்ல. டெலிவரி வேலை பார்ப்பவர்களுக்கு ஆர்டர் குவிவதே மழை நேரத்தில்தான். அவர்களும் அதே வெள்ளைக் கோட்டின் மேல், அதே இரும்பு மூடியின் மேல்தான் வருகிறார்கள். மழையில் பிரியாணி ஆர்டர் போட்டுவிட்டு மேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'எங்க இருக்கீங்க?' என்று நாம் செய்யும் ஒவ்வொரு போனும் அவரது ஆக்ஸிலரேட்டரைத்தான் திருகுகிறது.

10 கிலோமீட்டரை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 10 நிமிடம். 40 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம். சிக்னலும் டிராஃபிக்கும் உள்ள ஊரில் அந்த 5 நிமிட வித்தியாசம்கூட முழுதாக வராது. எனவே மழை நாளில் வண்டியை எடுப்பதற்கு முன்பே ஆபீஸ் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்: 'மழை, வர லேட்டாகும்.' அவசரம் இல்லாத கைதான் பிரேக்கை மெதுவாகப் பிடிக்கும்.