ஐப்பசி, கார்த்திகைக் கடலுக்கு ஏற்ற நீளத் தூண்டில் கோல்

சம்பா நடவு முடிந்து, மேலுரம் இட மழை விடட்டும் என்று காத்திருக்கும் நாட்களில், கடலோர உழவர்கள் பலர் மாலை வேளையில் தூண்டிலுடன் கடற்கரைக்குச் செல்வதைக் காணலாம். பழவேற்காடு முதல் கோடியக்கரை வரையுள்ள கரையில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய கடல் கொந்தளிப்பாக இருக்கும். சிறு படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். மீன் விலையும் ஏறிவிடும். இக்காலத்தில் கரையில் நின்றபடியே கிழங்கான், காலா, கெளுத்தி, பாறை ஆகிய மீன்களையும், ஆற்று முகத்துவாரங்களில் கொடுவாவையும் பிடிக்க இயலும்.

நான் உழவியல் கற்பிப்பவன். மீன்வளம் எனது துறை அன்று. எனினும் கடலோரச் சிற்றூரில் பிறந்தவன் என்பதால், பயிற்சி முகாம்களில் நெல்லைப் பற்றிய கேள்விகள் முடிந்ததும், "சார், எத்தனை அடிக் கோல் வாங்கலாம்?" என்ற கேள்வி என்னிடம் வருவதுண்டு. நீளம் கூடினால் தூரமும் கூடும் என்ற எண்ணத்தில், கடையில் உள்ளவற்றுள் மிக நீளமான கோலைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, பின்னர் பரணில் போட்டுவைப்பவர்கள் ஏராளம். நானும் ஒருமுறை 15 அடிக் கோலை வாங்கி அவ்வாறே பரணில் போட்டவன்தான்.

ஈயத்திலிருந்து தொடங்குக

கோலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஈயக் குண்டின் எடையை முடிவு செய்தல் வேண்டும். அந்த எடையைக் கடல்தான் முடிவு செய்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் தெற்கு நோக்கிச் செல்லும். கடலைப் பார்த்து நின்றால் அது வலக்கைப் பக்கம். பங்குனி, சித்திரையில் அமைதியான கடலில் 60 முதல் 80 கிராம் ஈயம் போட்ட இடத்திலேயே கிடக்கும். அதே ஈயத்தைக் கார்த்திகையில் வீசினால், சிறிது நேரத்தில் அலை அதை உருட்டி, தெற்கே கொண்டுபோய்க் கரையில் ஒதுக்கிவிடும். இரையும் நரம்பும் சுருண்டு போகும். உருளும் இரையால் பயனில்லை.

எனவே மழைக்காலத்திற்கு 120 முதல் 170 கிராம் ஈயம் தேவை. உருண்டை ஈயத்தைவிட, நான்கு கம்பிக் கால்கள் பதித்த ஈயம் மணலைப் பற்றிக்கொண்டு நிற்கும். கொந்தளிப்பான கடலில் மீன்கள் வெகு தொலைவில் இருப்பதும் இல்லை. அலை உடைந்து நுரைக்கும் வரிசைக்கும் கரைக்கும் இடையே உள்ள பள்ளத்தில் அவை இரை தேடும். 40, 50 மீட்டர் தூரம் வீசினாலே பல நாட்களில் போதுமானது. ஆக, நமக்கு வேண்டியது கனமான ஈயத்தை எதிர்க்காற்றில் பிசகாமல் வீசக்கூடிய கோல்.

கோலின் அடிப்பகுதியில், அது வீசக்கூடிய எடை கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். 100 முதல் 200 கிராம் வரை, அல்லது அதற்கு அண்மையான அளவு குறிக்கப்பட்ட கோலே ஏற்றது. இரையின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுக. 150 கிராம் ஈயத்துடன் ஒரு துண்டு மத்தியும் இரண்டு இறாலும் கோத்தால் மேலும் 20, 30 கிராம் கூடிவிடும். எடை எதுவும் குறிக்கப்படாத கோலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இக்கடலுக்கு வாங்க வேண்டாம்.

நீளம் எவ்வளவு?

நீளமான கோலால் ஒரு நன்மை உண்டு. கோலைத் தாங்கியில் நிறுத்தும்போது அதன் நுனி உயரத்தில் நிற்பதால், நரம்பு முதல் அலைகளுக்கு மேலாகச் செல்கிறது. அலையும் பாசியும் நரம்பை இழுப்பது குறைகிறது. ஆனால் 13 அடிக் கோலுக்கும் 15 அடிக் கோலுக்கும் இடையே, சற்றுச் சாய்த்து நிறுத்திய நிலையில், நுனி உயரத்தில் கிடைக்கும் வேறுபாடு இரண்டு அடிக்கும் குறைவே.

அதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 13 அடி என்பது ஏறத்தாழ 4 மீட்டர். ஒரு கை கோலின் அடிமுனையிலும், மறு கை அதிலிருந்து 80 செ.மீ. மேலேயும் பிடித்திருப்பதாகக் கொள்வோம். கோல் வளையாமல் இருந்து, நுனியில் மீன் 1 கிலோ விசையுடன் இழுத்தால், அடிக்கை 4 கிலோவும் மேற்கை 5 கிலோவும் தாங்க வேண்டும். கோல் நீளும்போது இச்சுமையும் கூடும். ஏற்றம் இறைத்த தலைமுறையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோல் வளையும்போது சுமை சிறிது குறையும் என்பது உண்மையே. ஆயினும் மூன்று மணி நேரம் ஈரக்காற்றில் நின்று வீசும் தோள்களுக்கு அந்த இரண்டு அடியின் பாரம் நன்கு தெரியும்.

என் கருத்தில், நடுத்தர உயரமுள்ளவருக்கு 13 அடி போதும். சிறிய உடல்வாகு உடையவர் 12 அடியே வாங்கலாம். பல வரிசைகளாக அலை உடையும் சரிவு குறைந்த கரையில், தோள் வலிமை உள்ளவர் 14 அடி வரை போகலாம். ரீல் பொருத்தும் இடத்தையும் சரிபார்த்துக்கொள்க. அடிமுனையை அக்குளில் வைத்துக் கையை நீட்டினால், ரீலின் கால் உள்ளங்கையில் வந்து அமைதல் வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கோலை வெறுமனே ஆட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. வளையங்கள் வழியே நரம்பைக் கோத்து, 1 கிலோ எடையைக் கட்டி மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். நுனிப்பகுதி நன்கு வளைந்து, நடுப்பகுதி சிறிதளவே வளைந்து, அடிப்பகுதி விறைப்பாக நிற்க வேண்டும். பிடி வரை வில்லாக வளையும் கோல் 150 கிராம் ஈயத்தை வீசுவதற்கு உதவாது. அதே வேளையில், நுனியும் வளையாத கோல் அலையின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஈயத்தை மணலிலிருந்து பெயர்த்துவிடும்.

ஒன்றனுள் ஒன்று செருகி நீட்டும் கோல்கள் எடுத்துச் செல்ல எளியவை. ஆனால் மணலும் உப்பும் மூட்டுகளில் புகுந்து இறுகிவிடும். மூன்று துண்டுகளாகப் பிரியும் கோலே நன்று. 13 அடிக் கோல் ஏறத்தாழ நாலரை அடித் துண்டுகளாகி, மிதிவண்டியிலும் பேருந்திலும் கொண்டுசெல்ல வசதியாக இருக்கும். வளையங்களின் உட்புறத்தில் பருத்திப் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே கீறல் உண்டு. அது நரம்பை அறுக்கும். கெட்டி மூங்கில் கழி வாய்க்காலுக்கும் கழிமுகத்தின் அமைதியான நீருக்கும் பொருத்தமானதே. ஆனால் கன ஈயத்தை வீச அது ஏற்றதன்று.

முன் நரம்பு

ரீலில் 0.35 மி.மீ. தங்கூசி நரம்பு இருந்தால் மீனுக்குப் போதும். வீச்சின் விசைக்கு அது போதாது. வீசும் கணத்தில் நரம்பு அறுந்தால் 150 கிராம் ஈயம் கவண்கல் போலப் பறக்கும். மேற்சொன்ன 15 அடிக் கோலை நான் பரணில் போட்டதற்குக் காரணமும் இதுவே. அன்று அறுந்த ஈயம் பக்கவாட்டில் பாய்ந்து, நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்குச் சில முழ தூரத்தில் மணலில் புதைந்தது. அவன் அதைத் தோண்டியெடுத்துச் சிரித்தபடி என்னிடம் நீட்டினான். எனக்குக் கை நடுக்கம் வீடு வரும் வரை நிற்கவில்லை.

ஆகவே நுனியில் தடித்த முன் நரம்பு ஒன்றைக் கட்டாயம் இணைக்க வேண்டும். கடைகளில் இதனை லீடர் என்பார்கள். ஈயத்தின் ஒவ்வொரு 10 கிராமுக்கும் 1.6 கிலோ தாங்குதிறன் என்பது கணக்கு. 150 கிராமுக்கு 24 கிலோ தாங்கும் நரம்பு வேண்டும். அதன் தடிமன் ஏறத்தாழ 0.70 மி.மீ. இருக்கும். அதன் நீளம் கோலைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல், வீசுவதற்கு ஆயத்தமான நிலையிலும் ரீலில் எட்டுச் சுற்று இருக்குமாறு அமைக்க வேண்டும். அடுத்தவர்கள் நிற்கும் இடத்தில் வீசவே வேண்டாம்.

தாங்கிக்குக் காசு செலவிட வேண்டியதில்லை. ஆழ்குழாய்க் கிணற்று வேலையில் மிஞ்சிய 2 அங்குல பி.வி.சி. குழாயில் நாலரை அடி வெட்டி, ஒரு முனையைச் சாய்வாக அறுத்து, இரண்டு அடி ஆழத்திற்கு மணலில் இறக்கினால் போதும். வாங்கும் முன் கோலின் அடிப்பகுதி அதனுள் நுழைகிறதா என்று பார்த்துக்கொள்க.

மின்சாரம், இடி

இன்று விற்கும் எடை குறைந்த நல்ல கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கியதும் கோலைக் கிடத்திவிட்டுக் கரையை விட்டு அகலுக. கண்ணாடி இழைக் கோல் வைத்திருப்போரும் அவ்வாறே செய்ய வேண்டும். உப்புநீரில் நனைந்த கோலை நம்புவதற்கில்லை. புயல் எச்சரிக்கை வந்த நாட்களில் கரைக்குச் செல்லவே கூடாது.

இதைவிட நமக்கு அருகில் உள்ள ஆபத்து வயலிலேயே இருக்கிறது. பம்புசெட்டுக்குச் செல்லும் மின்கம்பிகள் பல இடங்களில் வரப்புக்கு மேலே தாழ்ந்து தொங்குகின்றன. 13 அடிக் கோலைத் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருட்டில் வரப்பு வழியே வருபவர், தம் தலைக்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில் கோலின் நுனி செல்வதை மறந்துவிடுகிறார். கோலைக் கடற்கரை மணலில் மட்டுமே பொருத்துங்கள். திரும்பும்போது, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மூன்று துண்டுகளாகக் கழற்றிக் கட்டிய பிறகே வரப்பில் கால் வையுங்கள்.