ஏரிக்கரைகளும் மிதிவண்டிப் பாதைகளே

மோட்டார் வாகனங்கள் நுழையாத சரளைப் பாதைகளில் நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டும் பழக்கம் கடந்த 20 ஆண்டுகளில் உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிறு நகரில் 2006-இல் சில பத்துப் பேருடன் தொடங்கிய சரளைப் பாதைப் பந்தயம் இன்று ஆயிரக்கணக்கானோரை ஈர்க்கிறது. 2022-இல் இத்தாலியில் இதற்கென முதல் உலக சாம்பியன் போட்டியே நடத்தப்பட்டது. வயல், காடு, மேய்ச்சல் நிலம், அரைப் பாலை எனப் பல நிலங்களைக் கடந்து, இரைச்சலும் புகையும் இன்றிச் செல்வதே இதன் ஈர்ப்பு.

இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். ஆனால், பிற நாடுகள் பெரும் பொருள் செலவிட்டு உருவாக்கும் இத்தகைய பாதைகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை நாம் ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிறோம் என்பதால் இது நாம் பேச வேண்டிய பொருளாகிறது.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி அமைந்துள்ள திருப்புட்குழியை எடுத்துக்கொள்வோம். புள் என்றால் பறவை. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலவரலாறு. விஜயராகவப் பெருமாள் எழுந்தருளியுள்ள இத்தலம் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. இராமானுசர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இவ்வூரில்தான் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. காஞ்சியிலிருந்து இத்தகைய ஊர்களுக்கு அக்காலத்தில் மக்கள் நடந்து சென்ற வழிகள் ஏரிக்கரைகளும் வண்டிப்பாதைகளும்தாம். இன்றோ திருப்புட்குழிக்குச் செல்ல விரும்புவோருக்குச் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையைத் தவிர வேறு வழி இருப்பதே தெரியாது.

ஆறு வழிச் சாலையாக விரிவாக்கப்பட்டுவரும் அந்த நெடுஞ்சாலையில் மிதிவண்டி ஓட்டுவது உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பானது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அவ்வாண்டு 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இதே மாநிலத்தில்தான் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ, மாணவியருக்கு ஆண்டுதோறும் விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பல்லாயிரக்கணக்கான பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத்தந்து, அவர்களின் நடமாட்டத்தையே மாற்றியதும் இங்குதான். வண்டியைக் கொடுத்த நாம், அதை அச்சமின்றி ஓட்டுவதற்கான வழியைக் கொடுக்கவில்லை.

பிற நாடுகள் என்ன செய்தன? நியூசிலாந்தின் மத்திய ஒட்டாகோ பகுதி, அந்நாட்டிலேயே மழை மிகக் குறைந்த அரைப் பாலை நிலம். அங்கு ஓடிய ரயில் தடம் 1990-இல் மூடப்பட்டது. தண்டவாளம் அகற்றப்பட்ட அந்தத் தடத்தைச் சரளை பரப்பி, நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் உரியதாக 2000-இல் திறந்தார்கள். 150 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தப் பாதை, ரயிலை இழந்து நலிந்திருந்த சிற்றூர்களுக்கு உணவகம், தங்கும் விடுதி, வண்டி வாடகை எனப் புதிய வாழ்வாதாரத்தைத் தந்தது.

ஸ்பெயின் நாடு 1993 முதல் இதே முறையில் 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பசுமை வழிகளை அமைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று அந்தலூசியா மலைப்பகுதியில் 30 சுரங்கங்களைக் கடந்து 36 கிலோமீட்டர் செல்கிறது. ஒரு ரயில்கூட ஓடாமல் கைவிடப்பட்ட தடம் அது.

இத்தாலியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. தஸ்கனி மாநிலத்தின் வெண்ணிறச் சரளைச் சாலைகள் தார் பூசப்பட்டு மறைந்துவந்த நிலையில், 1997-இல் பழைய மிதிவண்டிகளுடன் 92 பேர் ஒரு பயணம் மேற்கொண்டனர். அது ஆண்டுதோறும் வளர்ந்து பெருவிழாவானது. அதன் பயனாக அந்தச் சாலைகள் காக்கப்பட வேண்டிய மரபுச் செல்வம் என்ற எண்ணம் அங்கு நிலைபெற்றது. ஒரு பாதையைக் காப்பதற்கு முதல் வழி அதில் ஆள் நடமாட்டம் இருப்பதுதான்.

அவர்களுக்குக் கைவிடப்பட்ட ரயில் தடம் என்றால், நமக்கு ஏரிக்கரை. பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பராமரிப்பில் மட்டும் 900-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. ஊராட்சிகளின் ஏரிகளும் குளங்களும் தனி. திருப்புட்குழிக்கு மேற்கே தாமல் ஏரி, அதே திசையில் மேலும் சென்றால், பல கிலோமீட்டர் நீளக் கரையுடைய காவேரிப்பாக்கம் ஏரி, தெற்கே பாலாறு. ஒரு ஏரி நிறைந்தால் அதன் மிகைநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி அமைந்த சங்கிலி இது. ஆகவே, நீர் செல்லும் வழியை ஒட்டியே கரையிலிருந்து வாய்க்கால் கரைக்கும், அங்கிருந்து மறு கரைக்கும் மனிதர் செல்லும் வழியும் அமைந்தது.

நிலக்காட்சியின் வகைமைக்கும் இங்கு குறைவில்லை. ஆயக்கட்டில் நெல்வயலும், கரையில் பனைவரிசையும், மேட்டில் கரம்பும், ஆண்டின் பெரும்பகுதி நீரின்றி மணல்வெளியாகக் கிடக்கும் பாலாறும் ஒரே காலைப் பொழுதில் கண்டுவிடக்கூடியவை. பாலைக்குத் தனி நிலம் இல்லை, பிற நிலங்கள் வறண்டு திரிவதே பாலை என்ற தமிழ் மரபின் கருத்தைப் பாலாற்றங்கரையில் நின்றால் எவரும் உணரலாம். உண்மையான செம்மணல் மேடுகளைக் காண விரும்புவோருக்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடு இருக்கிறது. ஆனால், அங்கு மணலில் சக்கரம் புதையும்; இறுகிய தடங்களை விட்டு விலகாமல் செல்ல வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த வண்டி வேண்டியதில்லை. பந்தய மிதிவண்டியின் மெல்லிய டயர் சரளையில் வழுக்கும். 35 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால், அது கல்லின் மேல் துள்ளாமல் பற்றிக்கொண்டு செல்லும். நம் ஊரின் சாதாரண மிதிவண்டிகளின் டயர் ஏறத்தாழ இந்த அகலம் உடையதுதான். இங்கு வண்டியோட்டிக்கு முதல் எதிரி சீமைக் கருவேல முள். மாற்று டியூபும் பம்பும் இன்றி ஏரிக்கரையில் செல்வது அறிவுடைமை ஆகாது.

பாதைக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. மிகைநீர் வழியும் கலங்கலில் கரை அறுபடும். அங்கு வண்டியைத் தூக்கிக் கடக்கப் படிகள் தேவை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை களிமண் கரையில் சக்கரம் பதிந்தால் கரை தேயும். அம்மாதங்களில் கரைப்பாதை மூடப்பட வேண்டும். கனரக வாகனமும் இரு சக்கர மோட்டார் வாகனமும் நுழையாதபடி இரு முனைகளிலும் கல்தூண்கள் நடப்பட வேண்டும்.

அதே வேளையில், மேம்பாடு என்ற பெயரில் கரைமேல் கான்கிரீட்டும் நடைபாதைக் கற்களும் பதிப்பதைத் தவிர்க்க வேண்டும். மண்கரையில் நீர்க்கசிவையும் எலி, நண்டு வளைகளையும் கண்ணால் கண்டே பழுதைக் கண்டறிகிறார்கள். கான்கிரீட் அந்தப் பழுதை மறைத்து, உடைப்பு ஏற்படும் நாளில்தான் காட்டும். நீர் வடியும் சரிவுடன் இறுக்கப்பட்ட சரளை, செலவிலும் குறைவு, கரைக்கும் கேடில்லை.

கிராமத்தினருக்குத் தார்ச்சாலை வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. ஊருக்கு ஊர் தார்ச்சாலை கட்டாயம் வேண்டும். அவசர ஊர்தியும் பேருந்தும் வந்து செல்ல அதுவே வழி. அதற்கு அப்பால் இருக்கும் இரண்டாவது வழியைப் பற்றியே இங்கு பேசுகிறோம். பள்ளிக்குச் செல்லும் மாணவியும், நெய்த சேலையைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுசெல்லும் நெசவாளரும், வயலுக்குச் செல்லும் உழவரும் முதலில் பயன்பெறும் வழி அது. நகரத்திலிருந்து பயணிகள் வந்தால், இளநீர் விற்பவருக்கும் பஞ்சர் ஒட்டுபவருக்கும் வருமானம் கூடுவது உபரி நன்மை.

இந்த வழிகள் வருவாய்த் துறையின் கிராம வரைபடங்களில் வண்டிப்பாதைப் புறம்போக்காகவும் ஏரிப் புறம்போக்காகவும் இன்றும் இருக்கின்றன. தரையில்தான் அவை முட்புதராகவும் ஆக்கிரமிப்பாகவும் மாறியிருக்கின்றன. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், வரைபடத்தை விரித்து, எந்தப் பாதை எங்கு மறைந்தது என்று கேட்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்தடுத்த ஊராட்சிகள் ஒருங்கிணைந்தால், காஞ்சிபுரத்திலிருந்து திருப்புட்குழி வழியாகத் தாமல் வரை ஒரு முன்மாதிரிப் பாதையை அமைத்துக் காட்டுவது மாவட்ட நிர்வாகத்துக்கு இயலாத செயல் அன்று.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்தரமேரூரில் ஏரி வாரியம் அமைத்து, அதன் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்து, அந்த விதிகளைக் கல்லிலும் பொறித்து வைத்த மண் இது. ஆள் நடமாட்டம் அற்ற ஏரியின் கரை கரைவதும் எல்லை சுருங்குவதும் யார் கண்ணிலும் படுவதில்லை. நாள்தோறும் பத்துப் பேர் மிதிவண்டியில் கடந்து செல்லும் கரையில் ஒரு லாரி மண் திருடப்பட்டாலும் அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.