சர்வர் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் ஆப் ஓடலை? லோடு பேலன்சர் தடுமாறினால் என்ன செய்வது?

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். நண்பகல் தாண்டியதும் ஸ்னாப்சாட், சிக்னல், டுவோலிங்கோ, கேன்வா என ஒவ்வொன்றாகத் தடுமாறத் தொடங்கின. ‘நெட் போச்சு போல’ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால், பிரச்சினை அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அமேசான் வெப் சர்வீசஸின் டேட்டா சென்டர்களில் இருந்தது. அதை இழுத்துக்கொண்டே போனதில் லோடு பேலன்சருக்கும் பங்கு உண்டு.

லோடு பேலன்சர் என்றால் என்ன?

திண்டுக்கல் அருகே தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் கூட்டம் அலைமோதும் ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிரசாதத்துக்கு நாலு கவுன்டர். ஒருவர் முன்னால் நின்று, “நீங்க இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்” என்று வரிசையைப் பிரித்து விடுகிறார். இடையிடையே “ஆள் இருக்கா?” என்று ஒவ்வொரு கவுன்டருக்கும் குரல் கொடுக்கிறார். பதில் வராத கவுன்டருக்கு யாரையும் அனுப்புவதில்லை.

கவுன்டர்கள்தான் சர்வர்கள். வரிசையைப் பிரிப்பவர் லோடு பேலன்சர். அவர் கொடுக்கும் குரல்தான் ஹெல்த் செக்.

சரி, கூட்டத்தின் இரைச்சலில் பதில் அவர் காதில் விழவில்லை என்றால்? ஆளும் இருக்கிறார், பிரசாதமும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கவுன்டர் மூடிய கணக்குதான். மிச்சம் மூன்றிலும் நெரிசல்.

அன்று நடந்தது என்ன?

முதல் கோளாறு, டைனமோடிபி என்ற டேட்டாபேஸின் டிஎன்எஸ் பதிவில். இந்திய நேரப்படி பகல் 12.18-க்கு ஆரம்பித்து, பிற்பகல் 3.10-க்கு அது சரியானது. ஆனால், புதிதாக இயக்கப்பட்ட சர்வர்களுக்கு நெட்வொர்க் அமைப்புகள் போய்ச்சேரத் தாமதமானது. அவை முழுதாக வந்துசேரும் முன்பே ஹெல்த் செக் அமைப்பு அந்த சர்வர்களைச் சேவையில் சேர்த்தது.

விளைவு, நல்ல நிலையில் இருந்தவைகூட ஒரு சோதனையில் ஃபெயில், அடுத்ததில் பாஸ். நீக்கு, சேர், மறுபடி நீக்கு. இந்த ஆட்டத்தில் ஹெல்த் செக் அமைப்பே திணறியது. மாலை 6 மணி முதல் நெட்வொர்க் லோடு பேலன்சர்களில் இணைப்புப் பிழைகள் வந்தன. இரவு 10.06-க்குப் பொறியாளர்கள் அந்தத் தானியங்கி நீக்கத்தையே நிறுத்தி வைத்தார்கள். நல்ல சர்வர்கள் சேவைக்குத் திரும்பின. பின்னிரவு 2.39-க்கு லோடு பேலன்சர் பிரச்சினை முடிந்தது.

உங்கள் டீமில் இப்படி நடந்தால்?

தாடிக்கொம்பில் வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்கும் ராத்திரி அலர்ட் வரத்தான் செய்யும். உடனே ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. முதலில் லாக்கை எடுத்து வையுங்கள். பிறகு இந்த நாலையும் பாருங்கள்.

1. லோடு பேலன்சரைத் தாண்டி, சர்வரின் ஐபி முகவரிக்கு நேராகக் கோரிக்கை அனுப்புங்கள். பதில் வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது. போர்ட், ஃபயர்வால், ஹெல்த் செக் ஆகியவற்றில்தான் கோளாறு தேட வேண்டும்.

2. விழுந்தது ஒன்றா, எல்லாமா? எல்லாம் ஒரே நேரத்தில் ஃபெயில் என்றால், பொதுவான ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம்.

3. ஹெல்த் செக் எதைக் கேட்கிறது? போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், உறைந்துபோன ஆப்பும் பாஸ் ஆகிவிடும். டேட்டாபேஸையும் சேர்த்துச் சோதித்தால், டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானாலே எல்லா சர்வரும் வெளியே போய்விடும்.

4. ஒன்றன் பின் ஒன்றாக விழுகிறதா? விழுந்த சர்வரின் சுமையை மற்றவை தாங்கவில்லை என்று அர்த்தம். மெமரி தீர்ந்து ஆப் நிறுத்தப்பட்டதா என்று லாக்கில் பாருங்கள். சுமையைக் குறைக்காமல் ரீஸ்டார்ட் செய்தால் மறுபடியும் விழும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமேசான் அறிவித்த மாற்றங்களில் ஒன்று: ஹெல்த் செக் தோல்வி என்ற காரணத்தால் ஒரு லோடு பேலன்சர் நீக்கக்கூடிய சர்வர் திறனுக்கு இனி வரம்பு இருக்கும். சின்ன டீமும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நம்ம ஹெல்த் செக் தப்பாகச் சொன்னால், ஒரே நேரத்தில் எத்தனை சர்வர் வெளியே போகும்?