பழைய கணக்குக் கோப்பு திறக்கவில்லையா?

1990-களில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன நம்மவர்களுக்கு டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற பெயர்கள் மறந்திருக்காது. சங்க உறுப்பினர் பட்டியல், சீட்டுக் கணக்கு, கடை பாக்கி என்று அவற்றில் ஏற்றி வைத்தவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உண்டு. இன்று புதுக் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைச் சொடுக்கினால் திறப்பதில்லை. "எல்லாம் போய்விட்டது" என்று கைவிட வேண்டாம். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது.

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைப் பாருங்கள். 'டி.பி.எஃப்.' என்றால் டிபேஸ், ஃபாக்ஸ்புரோ வகை. 'எம்.டி.பி.' பழைய ஆக்சஸ், 'ஏ.சி.சி.டி.பி.' ஆக்சஸ் 2007 முதல் வந்தது. எந்த எழுத்துக்கு எந்த மென்பொருள் என்று விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உரிய மென்பொருள் இல்லாவிட்டால் கோப்பை எதனிடம் ஒப்படைப்பது என்று அதற்குத் தெரியாது. அதற்காகக் கடைசி எழுத்துகளை மாற்றி எழுதாதீர்கள். ரயிலின் பெயர்ப் பலகையை மாற்றினால் உள்ளே இருக்கும் சரக்கு மாறுவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் அந்த ஃபோல்டர் முழுவதையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸை நிறுவுங்கள். அதிலுள்ள கால்க் 'டி.பி.எஃப்.' கோப்பைத் திறக்கும். பிரதியின் மேல் மௌசின் வலது பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் வித்' சென்று கால்க்கைத் தேர்ந்தெடுங்கள். 'ஆல்வேஸ்' என்பதையும் தேர்ந்தால் அடுத்த முறை சொடுக்கியவுடன் திறக்கும்.

தினமும் பயன்படுத்தும் கோப்புக்கு 'சென்ட் டு' வழியாக டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தவேண்டும். மூலையில் சிறு அம்புக்குறி தெரிந்தால் அது ஷார்ட்கட், கோப்பு அல்ல. அதை அழித்தால் கணக்கு அழியாது. ஆனால் அதை மட்டும் பென் டிரைவில் ஏற்றினால் கணக்கும் வராது. மாட்டுங்கா ரோடு என்ற பலகையைக் கழற்றி எடுத்துப் போனால் ஸ்டேஷன் கூடவே வருமா? கம்ப்யூட்டரை மாற்றும் நாளில்தான் இந்த வேறுபாடு விலை கேட்கும்.

ஷார்ட்கட்டின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அசல் இருக்கும் ஃபோல்டர் தெரியும். அந்த ஃபோல்டரை முழுதாகவே எடுங்கள். ஃபாக்ஸ்புரோவில் நீண்ட குறிப்புகள் 'எஃப்.பி.டி.' என்ற தனிக் கோப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டால் பெயர்கள் மிஞ்சும், குறிப்புகள் மிஞ்சா.

பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன், எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.