ஏழு கன்னியர் மலையில் மறைந்த யாத்திரிகர்

மார்கழி விடியற்காலையில் ஒடுகத்தூரில் நின்று பார்த்தால், சில நாட்களில் ஜவ்வாது மலை இருக்குமிடமே தெரியாது, பனி மூடியிருக்கும். ஊரார்க்கு மலை அங்கே உண்டென்பது தெரியும். புதிதாய் வரும் வழிப்போக்கனுக்கு? இவ்வகை அறியாமை ஒன்று 191 உயிர்களைப் பலிகொண்ட வரலாற்றை நேயர்களுக்கு இங்கே சொல்லுகிறோம்.

1974-ஆம் வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி இரவு. இந்தோனேஷியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரை ஏற்றிக்கொண்டு, டச்சுக் கம்பெனியாகிய மார்ட்டின் ஏரின் டி.ஸி.-8 விமானம் ஜெட்டாவை நோக்கிச் சென்றது. சிப்பந்திகள் ஒன்பதின்மர். இடையில் கொழும்புக்கு அருகே, கடலோரச் சமவெளியிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்க வேண்டும். இறங்கும் முயற்சியிலேயே, மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலெழும் ஸப்த கன்னியர் மலையில் விமானம் மோதிச் சிதறியது. ஒருவரும் தப்பவில்லை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஹஜ் புறப்படும் பெரியவர்கள் கடன்களைத் தீர்த்து, உற்றாரிடம் பிழை பொறுக்க வேண்டி விடைபெறுவதை நாம் அறிவோம். அவ்விதம் விடைபெற்றவர்களே இவர்களும் என எண்ணுகையில் நெஞ்சம் கனக்கிறது.

விபத்துக்குக் காரணம் யாது? விமானிகள் தாம் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்துவிட்டனர். நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி, மலைகளுக்கு மேலேயே பத்திரமான உயரத்துக்குக் கீழாக இறங்கினர் என்பதே விசாரணையின் முடிவு.

இதற்கு மூன்று நாள் முன்னர்தான் அமெரிக்காவில், வாஷிங்டனுக்கு அருகே, இறங்க வந்த மற்றொரு விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டிருந்தனர். தரை நெருங்குவதை ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவியைப் பெரிய பிரயாணி விமானங்களில் பொருத்த வேண்டுமென அம்மாதமே அந்நாட்டு அரசாங்கம் கட்டளையிட்டது. எனினும் அக்கருவி கீழேயுள்ள நிலத்தை மட்டுமே அளந்தது. எதிரே செங்குத்தாய் நிற்கும் மலையை முன்கூட்டி அறிய அதனால் இயலவில்லை. உலகத்து மலைகளின் உயரங்களையெல்லாம் தன்னுள் பதித்து, எதிர்வருவதை முன்னதாகவே உணர்த்தும் புதிய கருவி 1990-களில்தான் வந்தது.

1950-இல் கோத்தகிரி அருகிலும், 1971-இல் சின்னமனூரை அடுத்த மேகமலையிலும் நம் நாட்டு விமானங்கள் மலையில் மோதியதையும் நாம் மறப்பதற்கில்லை.

நம் ஊர் ஏரிக்கரைகளில் கன்னிமார் எழுவரும் காவல் தெய்வங்கள். அவர்கள் பெயர் தாங்கிய மலையில் மாண்டவர்களோ, பின்வரும் பிரயாணிகளுக்குத் தாமே காவலாயினர். நார்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்ட அவ்விமானத்தின் சக்கரம் நமக்குச் சொல்லுவது இதுவே.